அவர் பெயர் ஐந்து இடத்தில்

சிறைச்சாலை, சி வாட்டு
12.01.2023

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் சுகம். நீயும் மகள் சுதர்ஷினியும் சுகமாயிருக்க முருகனை வேண்டுகிறேன். தடிமன், காய்ச்சல் ஒன்றும் இல்லைதானே?

தீர்ப்பு வந்து இரண்டு மாதமாகியும் கடிதம் போடவில்லை என்று கோபப்படாதே. இங்கே வாசித்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். சிங்களத்தில் எழுதினால் இரண்டு நாளில் போகும். தமிழ் வாசிக்கத் தெரிந்த சிறை உத்தியோகத்தர் மாத்தயா ஒருவர்தான். அவர் லீவில் போனால் கடிதமும் லீவில் கிடக்கும். இந்தக் கடிதத்தை விடுதலையாகிப் போகிற ஒருவரிடம் கொடுத்து விடுகிறேன். அதனால் உள்ளதை எழுதலாம்.

நாற்பது பேருக்குக் கட்டிய வாட்டில் நூற்று முப்பது பேர் இருக்கிறோம். ஒருக்களித்துத்தான் படுக்கலாம். ஒருவன் திரும்பினால் வரிசை முழுவதும் திரும்பவேண்டும். தண்ணீர் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நான் செய்ததற்கு இது வேண்டியதுதான் என்று சில நேரம் நினைப்பேன். சசியின் கை எப்படி இருக்கிறது? திருவிழாவில் உன் சிரிப்பைப் பற்றி அவன் சொன்ன ஒரு வார்த்தைக்காகப் இறப்பர் மரத்துப் பால்வெட்டுக் கத்தியை வீசிவிட்டேன். அந்த வார்த்தையும் மறக்கவில்லை, அவன் கை இரத்தமும் மறக்கவில்லை.

உன்னால் ஒரு உதவி ஆகவேண்டும். என் பக்கத்தில் படுக்கிறவன் அஸீஸ். இழுப்பு நோய்க்காரன். தீர்ப்பே வராமல் பதினான்கு மாதமாகத் தவணைக்குத் தவணை கோர்ட்டுக்குப் போய் வருகிறான். மூச்சுக்கு அடிக்கிற அவனுடைய பம்பை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு, கேட்டால்தான் கொடுக்கிறார்கள். டாக்டர் கடிதம் இருந்தால் கையிலேயே வைத்திருக்க விடுவார்களாம். அவன் அண்ணன் முக்தார் கரவனெல்லச் சந்தியில் டயர் கடை வைத்திருக்கிறார். நீ போய்ச் சொல்லு.

மகளுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன்
லோகநாதன்


கீழ்ப் பிரிவு லயம்
03.02.2023

அன்புள்ள சுதர்ஷினி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறோம். சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே பால் வெட்டு முடிந்து வாளியைக் கொடுத்துவிட்டுக் கரவனெல்லைக்குப் போனேன். முக்தார் நானா கடையில் ஆள் இருந்தது. தம்பி பெயரைச் சொன்னதும் கடையைப் பூட்டிவிட்டார். கடிதத்தில் இருந்ததை நான் வாசித்தேன். ஒருக்களித்துப் படுக்கிறதை வாசிக்கும்போது அவர் எழுந்து அந்தப் பக்கம் திரும்பி நின்றார். மறுநாளே டாக்டர் கடிதத்தை வாங்கிச் சிறையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாராம். அஸீஸிடம் சொல்லுங்கள்.

சசிக்கு இரண்டு விரல் மடங்காது. இனிப் பால் வெட்ட முடியாது, காவல் வேலை கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கண்டால் அவன் முகத்தைத் திருப்புவதில்லை. கையைத்தான் மறைத்துக்கொள்கிறான்.

மகளிடம் நீங்கள் கொழும்பில் வேலை செய்வதாகச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் யாரோ உண்மையைச் சொல்லிவிட்டார்கள். அன்றையிலிருந்து உங்கள் சட்டையை மடித்து அவள் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

கவலைப்படாமல் இருங்கள். மாதக் கடைசியில் பார்க்க வருகிறேன்.

உங்கள் சுகந்தினி


சிறைச்சாலை, சி வாட்டு
02.03.2023

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் சுகம்தானே.

அஸீஸ் போய்விட்டான். பெப்ரவரி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை, பகல் சாப்பாட்டு நேரம். எப்படி என்று எழுதினால் இந்தக் கடிதம் உன் கைக்கு வராது. நான் பக்கத்தில் இருந்தேன் என்று மட்டும் அவன் வீட்டில் சொல்லு.

போன ஞாயிறு நீ வந்தபோது வலைக்கு இந்தப் பக்கம் முப்பது பேர் கத்தினார்கள். அந்தப் பத்து நிமிடத்தில் என்னத்தைப் பேசுவது? ஆனால் கண்ணுக்குச் சத்தம் தடையில்லை. ஊதாச் சேலை கட்டியிருந்தாய். அது கல்யாண வீடுகளுக்குக் கட்டுகிற சேலை. பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாய். மூன்று பஸ் மாறி வந்தவளின் சேலை கசங்காமல் இருந்தது. சும்மாதான் கேட்கிறேன்.

மகள் படிக்கிறாளா? மழையில் நனையாதே.

லோகநாதன்


கீழ்ப் பிரிவு லயம்
29.03.2023

அன்புள்ள சுதர்ஷினி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முதுகு வலி குறைந்ததா? படுக்க இடம் கொஞ்சமாவது கிடைக்கிறதா?

வேனில்தான் வந்தேன். முக்தார் நானாவின் வேன். உங்கள் முகத்தைப் பார்த்ததும் பஸ் என்று வாயில் வந்துவிட்டது. பயத்தில் சொன்ன பொய். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அஸீஸின் மனைவி ரஹ்மாவைப் போய்ப் பார்த்தேன். இத்தாவில் இருக்கிறார். நான்கு மாதம் பத்து நாள் வாசல் தாண்டக்கூடாது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு வெளிய போய்க் கேக்க ஏலாது தங்கச்சி, எனக்காக நீங்க கேளுங்க" என்றார். அதனால்தான் கேகாலையில் மனித உரிமை அலுவலகத்துக்கு நானும் போனேன். முக்தார் நானாவுக்கு அழுகை வந்து பாதியில் பேச்சு நின்றுவிட்டது. மிச்சத்தை நான் சிங்களத்தில் சொன்னேன். மருந்து, தண்ணீர், படுக்க இடம், நோய்வாய்ப்பட்டால் கதவைத் திறக்க ஓர் ஆள், எல்லாம் சொன்னேன். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். வெளியே வந்ததும் முக்தார் நானா, "நீங்க பேசினா ஆக்கள் கேக்குறாங்க" என்றார். இப்போது உள்ளே ஆள் இருக்கிற பதினொரு குடும்பம் சேர்ந்திருக்கிறோம். முக்தார் நானாவின் கடை மேல்மாடியில் கூட்டம் நடக்கிறது.

லயத்து வீடுகளில் எல்லோருக்கும் இது பிடிக்கவில்லை. தண்ணீர்ப் பீலியில் வைத்து மூக்காயி அக்கா, "வெட்டுனவனுக்கு மெத்தையா கேக்குற?" என்றார். "ரெண்டு வருஷம்னுதான் அக்கா கோர்ட்டுல சொன்னாங்க. தண்ணி குடுக்காம வைங்கன்னு சொல்லல" என்றேன்.

விசாரணைக்கு உங்களிடமும் ஆள் வருவார்கள். முக்தார் நானா உங்களைத்தான் நம்பியிருக்கிறார். பார்த்ததைச் சொல்லுங்கள்.

உடம்பு பத்திரம்.

உங்கள் சுகந்தினி


சிறைச்சாலை, சி வாட்டு
20.04.2023

சுகந்தினிக்கு,

சுகம். வருஷப் பிறப்புக்கு இங்கே ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள் என்று யோசித்துக்கொண்டே தின்றேன்.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அதில் அவர் பெயர் ஐந்து இடத்தில் இருக்கிறது. என் பெயர் உறையின் மேல் மட்டும்.

வாசல் துப்புரவுக்குப் போகிற ஒருவன் சொன்னான்: "லோகு, ஒங்க வீட்டம்மா வேன்ல வந்து எறங்குனாங்க. முன் சீட்டுல." அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். முன் சீட்டு என்பதை ஏன் சேர்த்துச் சொன்னான் என்று நான்கு நாள் யோசித்தேன். இங்கே யோசிக்கத்தான் நேரம் இருக்கிறது. நீ பேசினால் ஆட்கள் கேட்கிறார்கள் என்று அவர் சொன்னாராம். எட்டு வருஷம் நீ என்னோடுதான் பேசினாய். அப்போது உனக்கு இப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்குத் தெரியாது. அவருக்கு மூன்று மாதத்தில் தெரிந்துவிட்டது.

அவர் தம்பிக்காக அவர் அலையட்டும். நீ ஏன் அலையவேண்டும்?

மகளுக்கு முத்தம்.

லோகநாதன்


கீழ்ப் பிரிவு லயம்
16.05.2023

அன்புள்ள சுதர்ஷினி அப்பாவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறோம்.

மழை. பத்து நாளாகப் பால் வெட்டு இல்லை. மகளுக்குச் சளி இருந்தது, இப்போது சுகம். பின் சுவர் ஈரமாகிறது, தகரம் ஒன்று மாற்றவேண்டும்.

சிறை விஷயமான மனுவில் சசியும் கையெழுத்து வைத்தான், இடது கையால். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் வந்தான். "என்ன வெட்டுனது அவருதான். அதுக்குத்தான் உள்ள இருக்காரு. தண்ணி இல்லாமக் கெடக்கணும்னு நான் கேக்கல" என்றான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சுகந்தினி


சிறைச்சாலை, சி வாட்டு
11.06.2023

சுகந்தினிக்கு,

சுகம்.

இந்தத் தடவை உன் கடிதத்தில் அவர் பெயரே இல்லை. ஐந்து இடத்தில் இருந்தபோது கோபம் வந்தது. இப்போது பயம் வருகிறது. பேசாத ஆளாக இருந்தால் எழுதாமல் விடலாம். பார்க்காத ஆளாக இருந்தால் எழுதாமல் விடலாம். ஒவ்வொரு கிழமையும் பார்க்கிற ஆளை நீ எங்கே ஒளித்து வைத்திருக்கிறாய்?

சசி எதற்காகக் கையெழுத்து வைத்தான்? எனக்காக வைக்க மாட்டான்.

போன கிழமை மனித உரிமை அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கேட்டார்கள். சொன்னேன்.

மகளைப் பார்த்துக்கொள்.

லோகநாதன்


சிறைச்சாலை, சி வாட்டு
30.07.2023

சுகந்தினிக்கு,

ஏழு கிழமையாகக் கடிதம் இல்லை. இரண்டு தடவை, பார்க்க ஆள் வந்தவர்களின் பெயர் கூப்பிடுகிற நாளில் குளித்து, தலை சீவிக் காத்திருந்தேன். மற்ற எல்லோர் பெயரையும் கூப்பிட்டார்கள்.

விளங்கிவிட்டது. அவரோடு வேனிலேயே போய்க்கொண்டிரு. மகளை மட்டும் உன் அம்மாவிடம் விட்டுவிடு.

லோகநாதன்


கீழ்ப் பிரிவு லயம்
14.08.2023

லோகநாதன் அவர்களுக்கு,

கடிதத்துக்குள் உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஜூலை பத்தாம் திகதி கேகாலையில் விசாரணை. ரஹ்மா இத்தா முடிந்து வெளியே வந்த முதல் நாள் அது. வெள்ளை உடுப்பில் எனக்குப் பக்கத்தில் இருந்தார். உங்கள் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் வாசித்தார்கள். "நான் உறங்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் பார்க்கவில்லை." ரஹ்மாவுக்குச் சிங்களம் சரியாக விளங்காது. "என்ன சென்னாரு ஒங்கட மாப்புள?" என்று என்னிடம் கேட்டார். நான்தான் தமிழில் சொன்னேன்.

நூற்று முப்பது பேரில் பக்கத்தில் இருந்தேன் என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் முறைப்பாடு கொடுத்தார்கள். பகல் சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் உறங்கமாட்டீர்கள். எட்டு வருஷத்தில் அது எனக்குத் தெரியும்.

இனி நீங்கள் கேட்ட விஷயம். வேனில் எப்போதும் முக்தார் நானாவின் மனைவி பஸீஹாவும் வந்தார். மலை வளைவுகளில் எனக்கு வாந்தி வருமென்று அவர்தான் என்னை முன்னால் உட்காரவைத்துவிட்டுப் பின்னால் உட்கார்ந்தார். வேனைப் பற்றி எழுதிய கடிதத்திலேயே இதை எழுதியிருந்தால் உங்கள் மனம் ஆறியிருக்கும். வேண்டுமென்றேதான் எழுதவில்லை. என் நடத்தைக்கு இன்னொரு பெண்ணைச் சாட்சி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மை கேட்டீர்கள், இதையும் சொல்கிறேன். நான் பேசும்போது முக்தார் நானா குறுக்கே பேசமாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு வந்து அதை நினைத்தும் இருக்கிறேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே குறைத்துச் சொன்னாலும் பொய்.

சசி ஒரு வார்த்தை சொன்னதற்கு அவன் கையை வெட்டினீர்கள். இப்போது யாரும் ஒரு வார்த்தையும் சொல்லாமலே, செத்துப்போன ஒருவனை வெட்டியிருக்கிறீர்கள்.

உண்மையைச் சொன்னால் உங்களுக்கு உள்ளே என்ன நடக்கும் என்று நினைத்து எனக்கும் பயம்தான். சொல்லுங்கள் என்று எழுதி இரண்டு தடவை அழித்தேன். ஆனாலும் எழுதுகிறேன். சொல்லுங்கள்.

மகள் சுகம்.

சுகந்தினி


வேறு சிறைச்சாலை
27.09.2023

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள். நீயும் மகளும் நலமாக இருங்கள்.

உன் கடிதம் கிடைத்த மூன்றாம் நாள், அதிகாரிகளைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வந்தார்கள். சொன்னேன். அடுத்த கிழமை என்னை இங்கே மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்து ஒன்பது மணித்தியாலத் தூரம். காரணம் சொல்லவில்லை. யாரும் அடிக்கவில்லை.

இங்கேயும் கடிதம் வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். வாசிக்கட்டும். இதைத்தான் அதிகாரிகளிடமும் சொன்னேன்.

டாக்டர் கடிதம் வந்து இரண்டு கிழமைக்கு மேலாகியும் பம்பு அவன் கைக்கு வரவில்லை. அன்றைக்குப் பகல் பன்னிரண்டரைக்கு இழுப்புத் தொடங்கியது. நான் மூன்று தடவை கூப்பிட்டேன். அலுமாரிச் சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார், வந்ததும் தருகிறோம் என்றார்கள். நான் தட்டை எடுத்துக் கம்பியில் அடித்தேன். எல்லோரும் அடித்தார்கள், வாட்டு முழுவதும். அப்போது ஒரு மாத்தயா வந்து, முதலில் தொடங்கியது யார் என்று கேட்டார். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நான்தான் முதலில் வைத்தேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் வைத்தார்கள். பிறகு வாட்டில் அஸீஸின் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. சாவி ஒன்றேகாலுக்கு வந்தது.

உறங்கினேன் என்று சொன்னதற்குப் பயம் பாதிக் காரணம். மீதியை நீ சரியாகவே கண்டுபிடித்துவிட்டாய். அதிகாரி கேட்டபோது, நான் உண்மையைச் சொன்னால் முக்தார் வென்று, அந்தச் சந்தோஷத்தில் உன்னை வேனில் ஏற்றிக்கொண்டு போவார் என்று ஒரு படம் மனதில் ஓடியது. ஒரு மனிதன் செத்ததைப் பற்றி அவர்கள் கேட்கும்போது நான் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஹ்மாவிடம் இதைத் தமிழில் நீயே சொல்லு.

உன்
லோகநாதன்


கீழ்ப் பிரிவு லயம்
25.10.2023

அன்புள்ள சுதர்ஷினி அப்பாவுக்கு,

நாங்கள் சுகம். புது இடத்தில் தண்ணீர் எப்படி? படுக்கப் பாய் இருக்கிறதா?

ரஹ்மாவிடம் சொன்னேன், தட்டைக் கீழே வைத்ததையும் சேர்த்து. கேட்டுவிட்டு உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்தார். "சென்னதுக்கு அல்லா அவருக்கு நல்லத குடுக்கட்டும். தட்ட வெச்சதுக்கு நான் ஒண்டும் செல்ல மாட்டேன்" என்றார். முக்தார் நானா நான்கு நாள் கடை திறக்கவில்லை.

பழைய சிறையில் இப்போது நோயாளிகளின் பம்பு, மாத்திரை எல்லாம் அவரவர் கையிலேயே இருக்கிறதாம். பகல் தண்ணீரும் வருகிறது. சாவியை வாட்டு வாசலிலேயே ஓர் ஆள் வைத்திருக்கவேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். இட நெருக்கடி அப்படியேதான் இருக்கிறது. அதற்குக் கூட்டம் தொடர்ந்து போடுகிறோம். நீங்கள் கேட்கமாட்டீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். கூட்டம் அதே மேல்மாடியில்தான்.

ஜனவரியில் மரண விசாரணை நீதிமன்றத்துக்கு வருகிறது. உங்களைக் கூட்டி வருவார்கள். நானும் வருவேன்.

மகள் இதோடு ஒரு படம் வைத்திருக்கிறாள்.

உங்கள் சுகந்தினி


சிறைச்சாலை
21.01.2024

அன்புள்ள சுகந்தினிக்கு,

நான் சுகம். நீங்கள் நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? மகளுக்கு வழியில் வாந்தி வரவில்லையே?

நீதிமன்றத்தில் நான் சொன்னதை நீ கேட்டாய். பிறகு நடந்ததைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருப்பாய். அதனால் எழுதுகிறேன்.

சிறை பஸ்ஸில் ஏற்றப் போகும்போது முக்தார் வந்தார். காவலர் தள்ளிப் போகச் சொன்னார், அவர் போகவில்லை. ஒரு வருஷமாக நான் மனதில் வைத்திருந்த ஆள் வேறு. உயரமாக, நல்ல சட்டையோடு, தலை நிறைய முடியோடு ஒருவரை நானே செய்து வைத்திருந்தேன். இவர் கட்டை, வழுக்கை, நகத்தில் டயர்க் கறுப்பு. "கடைசியா தம்பி என்ன சென்னான்?" என்று கேட்டார்.

"பேச முடியல நானா. என் கையப் புடிச்சிருந்தான்" என்றேன்.

"எந்தக் கை?"

வலது கை என்றேன். விலங்கு போட்டிருந்த அந்தக் கையை அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சசியை வெட்டியதும் அந்தக் கைதான். தட்டைக் கீழே வைத்ததும் அதுதான். இதையெல்லாம் அவருக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது. சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது அஸீஸ் பிடித்த கை. காவலர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

பஸ் நகர்ந்தபோது கம்பி வழியாகப் பார்த்தேன். வேன் நின்றது. பஸீஹா மகளோடு பின்னால் ஏறினார். நீ முன் கதவைத் திறந்து ஏறினாய். முக்தார் ஏதோ சொன்னார், நீ சிரித்தாய். அவர் கை என் கையைப் பிடித்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இருந்தும் எனக்கு வயிறு எரிந்தது, சுகந்தினி. முன்பு எரிந்ததைப் போலவே எரிந்தது.

அது போய்விட்டது என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். எழுதமாட்டேன். விடுதலைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. அதற்குள் போகுமா, வெளியே வந்த பிறகும் என்னோடு லயத்துக்கு வருமா என்று தெரியாது. ஆனால் இனி அதை வாய் திறந்து பேச விடமாட்டேன். கத்தி எடுக்கவும் விடமாட்டேன்.

அடுத்த மாதம் பார்க்க வரும்போது ஒன்பது மணித்தியாலம் பஸ்ஸில் கசங்கி வராதே. முக்தார் நானாவின் வேனிலேயே வா. எனக்குப் பிடிக்காது. ஆனாலும் வா.

மகளுக்கு முத்தம்.

உன்
லோகநாதன்